தட்டைக் கூரையை நாமே மாற்றுவது: பலகை, சரிவு, ஓரம், அதன் பிறகுதான் ரப்பர்

லண்டன் பக்கம் ஹாரோ, இல்ஃபோர்ட், குராய்டன் என்று நம்மவர்கள் வீடு வாங்கும் இடங்களில் ஒரே வகை வீடு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு. பின்பக்கம் எப்போதோ யாரோ நீட்டிக் கட்டிய சமையலறை. அதன் மேல் தார் ஃபெல்ட், அதாவது தார் தோய்த்த விரிப்பு, ஒட்டிய தட்டைக் கூரை. அந்தப் பழைய ஃபெல்ட் 10 வருடம் தாங்கும், நன்றாகப் போட்டிருந்தால் 20. பிறகு வெடிக்கும், ஓரங்களில் சுருளும், மழை பெய்த மறுநாள் சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும். ஹாரோவில் எங்கள் வீட்டுச் சமையலறையும் அப்படித்தான் இருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து தோட்டப் பக்கம் 3 மீட்டர், குறுக்கே 5 மீட்டர். நானும் என் மச்சானும் சேர்ந்து அதை முழுக்கப் பிரித்து, ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பைப் போட்டோம். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அளவுக்கானது. உங்கள் கூரைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் ரப்பரைப் பற்றியே பேசுவார்கள். 50 வருடம் உழைக்கும், ஒரே துண்டு, இணைப்பே கிடையாது என்பார்கள். ரப்பர் நல்ல பொருள்தான், ஆனால் அதை விரித்து ஒட்டுவது அரை நாள் வேலை. கூரை நிற்குமா ஒழுகுமா என்பதை முடிவு செய்வது அதற்கு அடியில் இருக்கும் பலகையும், தண்ணீர் ஓடும் சரிவும், சுற்றியுள்ள நாலு ஓரங்களும். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அங்கே செலவிடுங்கள். பழைய ஃபெல்ட்டின் மேலேயே புதியதை ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே நனைந்த பலகையை மூடி வைப்பதுதான் அது. போதாததற்கு, தார் பட்டால் ஈபிடிஎம் நாளடைவில் கெட்டுப்போகும்.

ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

பிரிப்பதற்கு முன் இதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். நம் சமையலறைகளில் ஆவி அதிகம். இட்லிப் பானை, குக்கர், கொதிக்கும் சாம்பார், குளிருக்கு அடைத்து வைத்த ஜன்னல். ஜனவரியில் மழையே இல்லாத காலையில் சீலிங் சொட்டுகிறது என்றால் அது மழைத் தண்ணீர் அல்ல. அறையின் ஆவி சீலிங் வழியாக மேலேறி, குளிர்ந்த பலகையின் அடிப்பக்கத்தில் தண்ணீராகிச் சொட்டுகிறது.

இந்த வீடுகளின் பழைய கூரையில், வீட்டின் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன், கூரையைத் தாங்கும் மரச் சட்டங்களுக்கு நடுவே, சீலிங்குக்கு மேலே கிடக்கும். இதைக் கோல்ட் ரூஃப் என்பார்கள். அதற்கும் பலகைக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டு, இரண்டு முனையிலும் காற்று வந்து போக வழி வைத்தால்தான் அது உலர்ந்திருக்கும். ஆனால் எக்ஸ்டென்ஷனின் ஒரு முனை வீட்டுச் சுவரில் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் காற்று எப்படிப் போகும்? ஆகவே இந்த வேலையைச் செய்யும்போதே இன்சுலேஷனைப் பலகைக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு வார்ம் ரூஃப் என்று பெயர். மேலே ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே வியர்க்க விட்டால், புதுப் பலகையும் பழையதன் வழியே போகும்.

கூடவே அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி ஆவியை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது கரி வடிகட்டி வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே திரும்ப விடுகிறது. வாசனையை அது குறைக்கும், ஆவியைக் குறைக்காது.

கையை வைப்பதற்கு முன்

கூரையை முழுக்கப் பிரித்துப் போடுவது இங்கிலாந்தில் பில்டிங் ரெகுலேஷன் என்ற கட்டட விதிகளுக்குள் வரும். பதிவு பெற்ற கூரைக்காரர் ‘காம்பிடென்ட் ரூஃபர்’ திட்டத்தின் கீழ் தானே சான்றளித்துவிடுவார். நாமே செய்தால் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு நாம்தான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் முக்கியமாகக் கேட்பது இன்சுலேஷனைத்தான். எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பலகை வாங்கப் போங்கள்.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் அது முழுக்கத் தடை செய்யப்பட்டது 1999இல். அதற்கு முன் கட்டிய எக்ஸ்டென்ஷன் என்றால் கூரை விளிம்பின் அடிப்பலகை, புள்ளி புள்ளியாகப் பூசிய சீலிங், சில பழைய ஃபெல்ட்டுகள் என்று எதிலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகு தொடுங்கள். செலவு குறைவு, நுரையீரல் விஷயம்.

ஏணியில் நின்றபடி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஒற்றை மாடி உயரம்தானே என்று தோன்றும், ஆனால் பலகைக் கட்டோடு பின்னால் சாய்ந்தால் அந்த உயரமே போதும். தோட்டப் பக்கம் ஒரு சாரக் கோபுரம் வாடகைக்கு எடுங்கள். ஏறி இறங்க மட்டும் ஏணி. நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அடி தள்ளி, மேல்முனையைக் கட்டி வையுங்கள். தனியாளாக மேலே ஏறாதீர்கள்.

குப்பைக்கு ஸ்கிப், அதாவது வாடகைக்கு வரும் பெரிய இரும்புத் தொட்டி, சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த முன்வாசலில் வைத்தால் அனுமதி வேண்டாம், சாலையில் வைத்தால் கவுன்சில் அனுமதி வேண்டும். கவுன்சிலின் குப்பை மையத்துக்கே கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டு வேலைக் குப்பையை இலவசமாக வாங்குவது ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு என்ற அளவில்தான். ஒரு கூரையின் ஃபெல்ட் அதில் அடங்காது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. செமி என்பதால் கூரை ஓரம் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கும்.

பிரித்தல்

மழையில்லாத நாட்கள் தொடர்ந்து இருக்கும்படி, மே முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று மூட முடிகிற அளவுக்கு மட்டுமே அன்று பிரிக்க வேண்டும். பெரிய தார்ப்பாய் ஒன்று, கூரையைவிட எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் நீளமாக, முதல் நாளே மேலே இருக்கட்டும்.

தட்டையான மண்வெட்டியை ஃபெல்ட்டுக்கு அடியில் செருகித் தள்ளினால் பட்டை பட்டையாக வரும். சுவரோரத்து ஈயத் தகட்டை மெல்ல மேலே மடக்கி விடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் திரும்பப் பயன்படும். பலகையின் மேல் கால் வைக்கும்போது சட்டங்களின் மேலேயே வையுங்கள். 1970, 80களில் மரத்தூள் பலகை போட்டிருப்பார்கள். அது ஈரம் பட்டால் புட்டு உதிர்வது போல உதிரும், மேலே ஃபெல்ட் இருக்கும்வரை வெளியே தெரியாது.

பலகையும் போன பிறகு சட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றையும், முக்கியமாகச் சுவரில் உட்காரும் முனையையும் தோட்டப் பக்கத்து முனையையும், திருப்புளியால் குத்திப் பாருங்கள். உறுதியான மரத்தில் நுனி இறங்காது. நடுவில் கொஞ்சம் கெட்டிருந்தால் அதே அளவில் புதுச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் போல்ட் போடலாம். சுவரில் உட்காரும் முனையே உளுத்திருந்தால் அங்கே நிறுத்திவிட்டுத் தெரிந்த தச்சரைக் கூப்பிடுங்கள். பாரம் முழுக்க அந்த ஒரு சாண் மரத்தில்தான் நிற்கிறது.

சட்டங்களுக்கு நடுவே கிடக்கும் பழைய இன்சுலேஷன் பஞ்சை எடுத்துவிடுங்கள். அதையும் வைத்து மேலேயும் போட்டால் நடுவிலிருக்கும் பலகை குளிர்ந்து மறுபடி வியர்க்கும். பழைய காற்று வழிகளையும் அடைத்துவிடுங்கள். வார்ம் ரூஃபில் சட்டங்கள் இருக்கும் இடம் வீட்டின் உட்புறமாகிவிடுகிறது, அங்கே வெளிக்காற்று வரக் கூடாது.

சரிவு

நம் ஊர் மொட்டை மாடியில் கொத்தனார் தட்டோடு பதிக்கும்போது வாட்டம் பார்ப்பார். இங்கேயும் அதே விஷயம்தான். தட்டைக் கூரை என்பது பெயருக்குத்தான், உண்மையில் அது தட்டையாக இருக்கவே கூடாது. முடிந்த கூரையில் 80க்கு 1 சரிவாவது இருக்க வேண்டும். சட்டம் கொஞ்சம் தொய்யும், பலகை கொஞ்சம் வளையும் என்பதால் 40க்கு 1 என்று திட்டமிட்டுப் போடுவார்கள். 3 மீட்டருக்கு அது 75 மில்லிமீட்டர். அதாவது வீட்டுச் சுவரில் 75இல் தொடங்கித் தோட்டப் பக்கம் பூஜ்யத்துக்கு இறங்கும் ஆப்பு வடிவக் கட்டைகள். மரக்கடையில் ‘ஃபர்ரிங்’ என்று கேட்டு நீளமும் உயரமும் சொன்னால் அறுத்தே தருவார்கள். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ஒன்று வைத்துத் திருகுங்கள்.

பழைய கூரையில் ஏற்கெனவே இவை இருக்கலாம். அப்படியானால் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பிறகு இரண்டு கடைசிச் சட்டங்களுக்கும் குறுக்கே நூல் கட்டி, நடுவில் எந்தச் சட்டமாவது தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்த இடத்தில் மெல்லிய கட்டை வையுங்கள். பலகை போட்ட பிறகு இதைத் திருத்த முடியாது.

இங்கேயே உயரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். சுவரோரத்தில் ஃபர்ரிங் 75, கீழ்ப் பலகை 18, இன்சுலேஷன் 120, மேல் பலகை 18, மொத்தம் 231 மில்லிமீட்டர். அதற்கு மேல் ரப்பர் சுவரில் 150 ஏற வேண்டும். ஆக, சட்டத்தின் மேல்முகத்திலிருந்து 381 மில்லிமீட்டர் வரை சுவர் உங்களுக்கு வேண்டும். மாடி ஜன்னல் அதற்குள் வருகிறதா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். வந்தால் இன்சுலேஷனையோ சரிவையோ எவ்வளவு குறைக்கலாம் என்று பில்டிங் கன்ட்ரோலிடம் பேசுங்கள். நடைமுறையில் முடியாத இடத்தில் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த 150ஐ மட்டும் குறைக்காதீர்கள். பெருமழையில் தெறிக்கும் தண்ணீரும், குவியும் பனியும் ஏறாத உயரம் அது.

அடுக்குகள்

கீழிருந்து மேலாக: 18 மில்லிமீட்டர் ஓஎஸ்பி3 பலகை (மரச் சீவல்களை அழுத்திச் செய்தது), நீராவித் தடுப்பு விரிப்பு, பிஐஆர் இன்சுலேஷன் (கெட்டியான நுரைப் பலகை), மறுபடி ஓஎஸ்பி3, அதன் மேல் ரப்பர்.

நாக்கும் காடியும் வெட்டிய ஓஎஸ்பி பலகை பெரும்பாலும் 2400க்கு 590 அளவில் கிடைக்கும். ஓர் அடுக்குக்கு 12 பலகை வாங்குங்கள். நீளவாட்டம் சட்டங்களுக்குக் குறுக்கே போக வேண்டும், குட்டை முனை சட்டத்தின் மேலேயே முடிய வேண்டும், பக்கத்து வரிசையின் இணைப்போடு ஒரே கோட்டில் வரக் கூடாது. குட்டை முனைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், மரம் ஊறினால் முட்டி எழும்பாது. சுவரை ஒட்டியும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

நீராவித் தடுப்புக்கு 500 கேஜ் பாலித்தீன் போதும். ஒரு விரிப்பின் மேல் அடுத்தது 150 மில்லிமீட்டர் ஏறும்படி வைத்து, டேப் போட்டு ஒட்டுங்கள். ஓரங்களில் நீளமாக விட்டு, இன்சுலேஷன் வைத்த பிறகு அதன் பக்கவாட்டில் மேலே மடக்குங்கள். இது கிழிந்தால் சமையலறை ஆவி நேரே இன்சுலேஷனுக்குள் போகும், அதனால் மேலே நடக்கும்போது ஆணி முனை, செங்கல் துண்டு எதுவும் காலடியில் இல்லாமல் பெருக்கிவிட்டு விரியுங்கள்.

பிஐஆர் பலகை 2400க்கு 1200. இந்தக் கூரைக்கு 6 போதும். இடுக்கில்லாமல் நெருக்கி வைத்து, மேல்முகத்து இணைப்புகளுக்கு அலுமினியம் டேப் ஒட்டுங்கள். சுவர்ப் பக்கமும் இடுக்கு விழுந்தால் நுரை அடையுங்கள். அதன் மேல் இரண்டாவது ஓஎஸ்பி அடுக்கு. இதைப் பிடிக்க 200 மில்லிமீட்டர் திருகாணி வேண்டும். 18, 120, 18 போக மீதி 44 கீழே மரத்தில் இறங்கும். சட்டம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது என்பதால், கீழ் அடுக்கு போடும்போதே சுவரிலும் விளிம்புப் பலகையிலும் ஒவ்வொரு சட்டத்துக்கும் பென்சில் குறி வைத்துவிடுங்கள். பிறகு சுண்ணாம்பு தோய்த்த நூலைக் குறிக்குக் குறி இழுத்து அடித்தால் கோடு கிடைக்கும்.

சட்டத்துக்கு மேலே அடுக்குகள் மட்டும் 156 மில்லிமீட்டர் வந்துவிட்டதால் தோட்டப் பக்கத்து விளிம்புப் பலகையும் ஆழமானதாக மாற வேண்டும், மழைநீர்க் குழாயும் மேலே ஏற வேண்டும். இதை எல்லோரும் கடைசி நேரத்தில்தான் நினைப்பார்கள். ரப்பருக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ரப்பர்

தீப்பந்தம் வைத்து உருக்கி ஒட்டும் ஃபெல்ட் நன்றாகவே உழைக்கும், ஆனால் மரக்கூரையின் ஓரத்தில் தீயை வைத்து வேலை செய்வது பழகிய கைக்கு மட்டும் உரியது. ஃபைபர்கிளாஸுக்கு ரெசினில் கெட்டிப்படுத்தும் மருந்து எவ்வளவு கலப்பது என்று வெயிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், ஈரம் துளியும் ஆகாது. ஈபிடிஎம் குளிர்நிலையில் பசையால் ஒட்டுவது. வீட்டில் செய்கிறவருக்கு அதுதான் ஏற்றது.

1.2 மில்லிமீட்டர் தடிமனில் 3.5க்கு 5.5 மீட்டர் ஒரே துண்டாக வாங்குங்கள். சுவரில் ஏறவும் ஓரங்களில் இறங்கவும் அதில் இடம் இருக்கும். எடை 27 கிலோ அளவில் வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். பலகையைப் பெருக்கி, திருகாணித் தலைகள் எல்லாம் உள்ளே இறங்கியிருக்கின்றனவா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விரித்த பிறகு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், சுருட்டின மடிப்பு தளரும்.

இரண்டு வகைப் பசை வேண்டும். நடுப்பரப்புக்கு நீர் கலந்து செய்த பசை. சுற்று ஓரத்துக்கும் சுவருக்கும் கான்டாக்ட் பசை. விரிப்பில் பாதியை மறுபாதி மேல் மடக்குங்கள். வெளிப்பட்ட பலகையில், ஓரம் 150 மில்லிமீட்டர் விட்டு, நீர்ப் பசையை ரோலரால் சீராகப் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே விரிப்பை இழுக்காமல், தள்ளாமல், உருட்டிக்கொண்டே கொண்டுவாருங்கள். மென்மையான துடைப்பத்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பெருக்கினால் காற்று வெளியேறும். பிறகு மறுபாதி. சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் குத்தாதீர்கள். வெயில் பட்டுப் பசை காய்ந்ததும் பெரும்பாலும் படிந்துவிடும்.

கான்டாக்ட் பசைக்கு வேறு முறை. பலகையிலும் பூச வேண்டும், ரப்பரின் அடியிலும் பூச வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு நூலாக இழுபடக் கூடாது. அந்தப் பதத்தில் சேர்த்தால் அதுதான் முடிவு, பிரித்து மறுபடி வைக்க முடியாது. அதனால் ஒருவர் ரப்பரைப் பிடிக்க, மற்றவர் ஒரு முனையிலிருந்து கையால் தேய்த்துக்கொண்டே போய், பின்னாலேயே சிறு ரோலரால் அழுத்த வேண்டும். இதன் புகை எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஓரங்கள்

கூரைகள் ஒழுகுவது இங்கேதான், அதனால் அவசரம் வேண்டாம்.

சுவரோரம்: சுவரின் கீழ்ப்பகுதியைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, உதிர்கிற சிமென்டை எடுங்கள். ரப்பர் பலகையிலிருந்து சுவருக்குத் திரும்பும் மூலையில் நன்றாக உள்ளே அழுந்தி உட்கார வேண்டும். அங்கே அந்தரத்தில் நின்றால் குளிரில் சுருங்கும்போது சுவரிலிருந்து பிய்த்துக்கொள்ளும். உள்மூலைகளில் கத்தரிக்காதீர்கள், காது போல மடித்து ஒரு பக்கமாக ஒட்டுங்கள். கத்தரித்தே ஆக வேண்டிய வெளிமூலைகளுக்கு, இன்னும் முழுக்கக் கெட்டிப்படாத ஈபிடிஎம் டேப் தனியாகக் கிடைக்கும். பிரைமர் தடவி, டேப்பைக் கொஞ்சம் சூடு காட்டினால் கைக்கு வளைந்து கொடுக்கும். கூரை வழியே குழாய் ஏதும் மேலே வந்தால் அதற்கென்றே ரப்பர் உறை விற்கிறார்கள்.

தோட்டப் பக்கம்: விளிம்புப் பலகையின் மேல் முனையில் மருந்தூட்டிய மரச் சட்டம் ஒன்றை அடியுங்கள். ரப்பர் அதன் மேல் மடிந்து இறங்கி, தண்ணீர் பலகையைத் தொடாமல் நேரே மழைநீர்க் குழாயில் விழும். அதன் மேல் டிரிம், அதாவது விளிம்பை மூடும் பட்டை. மற்ற இரு பக்கமும் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திய டிரிம், காற்றில் தண்ணீர் பக்கவாட்டில் வழியாமல் தடுக்கும்.

கடைசியாக ஈயம். பழையது மெலிந்தோ கிழிந்தோ இருந்தால் கோட் 4 வாங்குங்கள், தடிமன் 1.8 மில்லிமீட்டர். ஒரு துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெயிலில் ஈயம் நீளும், நீளத் துண்டாகப் போட்டால் நாளடைவில் வெடிக்கும். 5 மீட்டர் சுவருக்கு 4 துண்டு, ஒன்றின் மேல் ஒன்று 100 மில்லிமீட்டர் ஏற வேண்டும். ரப்பரின் மேல்விளிம்புக்கு மேலே உள்ள செங்கல் இணைப்பில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, தகட்டின் மேல்முனையை உள்ளே மடித்துச் செருகி, சுருட்டிய ஈயத் துண்டுகளை ஆப்பாக அடித்து, ஈயத்துக்கான சீலன்ட் நிரப்புங்கள். கிரைண்டரில் வெட்டும்போது பறக்கும் செங்கல் தூசி சாதாரணத் தூசி அல்ல. எஃப்எஃப்பி3 முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் டீ குடிக்க இறங்காதீர்கள்.

புது ஈயத்தில் மழை பட்டால் வெள்ளைக் கறை வழியும். அதைத் தடுக்க ஒரு எண்ணெய் தடவுவார்கள். அதைக் கீழே தரையில் வைத்தே தடவிக் காயவிட்டு மேலே கொண்டுபோங்கள், ரப்பரில் சொட்டக் கூடாது. ஈபிடிஎம்முக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். பெட்ரோல், டீசல் மட்டுமல்ல, சமையல் எண்ணெயும் கொழுப்பும்கூட. நம் வீடுகளுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கச் சமையலறைக் காற்றாடி வழியாகத்தான் வெளியேறுகிறது. அதன் வாய் கூரைக்கு நேர் மேலே திறந்திருந்தால் சுவரின் வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் வடிகட்டியை அடிக்கடி கழுவி, வாயின் அடியில் ஒரு தகட்டுத் தட்டு வைத்துப் பிசுக்கைப் பிடியுங்கள்.

வடகம் காயப்போட, நாற்காலி போட்டு உட்கார என்று இந்தக் கூரையை மாடியாக்காதீர்கள். கீழே இருப்பது கான்கிரீட் அல்ல, மரம். மேலே ஏறுவது வருடத்துக்கு ஓரிரு முறை, இலை உதிர்ந்த பிறகு மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யத்தான். அதுவும் அடியில் கல் குத்தாத செருப்போடு.

எல்லா அடுக்கையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்: சட்டம், நீராவித் தடுப்பு, இன்சுலேஷனின் தடிமன் தெரியும்படி அளவுநாடா வைத்து. இன்ஸ்பெக்டர் எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டு, அந்தக் கட்டத்தில் நிறுத்தி அவரைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் வரும் சான்றிதழை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் அதைக் கேட்பார்.